இரவல் மேகமும் இடம்பெயர்ந்த பிரமிடும்

இயற்கைக் காட்சியைப் படம் பிடித்துவந்து, கம்ப்யூட்டரில் போட்டு, வானத்துக்கு நீலம் ஏற்றி, புல்லுக்குப் பச்சை ஏற்றி, குறுக்கே போன மின்கம்பியை அழித்து, வேறு ஊர் சூரியனை நம் ஊர் மலைமேல் உட்கார வைப்பதெல்லாம் இந்தக் காலத்துப் பிள்ளைகளின் ஒழுக்கக்கேடு என்று பல பெரியவர்கள் நம்புகிறார்கள். அந்தக் காலத்தில் கேமரா கண்டதைக் கண்டபடி சொல்லுமாம். எது வரைக்கும் கை வைக்கலாம் என்ற கேள்வியே அப்போது கிடையாதாம். பெரியவர்களுக்கு மரியாதை கொடுக்க வேண்டியதுதான். அதற்காக அவர்கள் சொல்லும் வரலாற்றையும் நம்பியாக வேண்டும் என்று சட்டம் இல்லை.

கேமராவில் எடுத்து இன்று மிஞ்சியிருக்கும் படங்களிலேயே மூத்த படத்தில் சூரியன் இரண்டு பக்கமும் அடிக்கிறது. 1826-லோ 1827-லோ, பிரான்ஸில் நியெப்ஸ் என்ற கனவான் தன் வீட்டு மாடி ஜன்னலில் பெட்டியை வைத்து, தார் பூசிய வெள்ளீயக் கலவைத் தகட்டில் எதிரே தெரிந்த கூரைகளை எடுத்தார். எட்டு மணி நேரம் திறந்து வைத்திருந்தார் என்பது பழைய கணக்கு. இல்லை, பல நாட்கள் என்பது புதிய கணக்கு. எப்படியானாலும் அதற்குள் சூரியன் கிழக்கில் டியூட்டியை முடித்துவிட்டு மேற்குக்குப் போய்விட்டது. கிழக்குச் சுவரிலும் வெயில், மேற்குச் சுவரிலும் வெயில். கடவுள்கூடப் பார்த்திராத காட்சி. நியெப்ஸ் ஒரு விரலைக்கூட வைக்கவில்லை, பாவம். தகடு தானாகச் சொன்ன பொய் அது.

அதோடு விட்டார்களா? அந்தத் தகடு காணாமல்போய், 1952-ல் ஹெல்மட் கெர்ன்ஷைம் என்ற வரலாற்றாசிரியர் லண்டனில் ஒரு பழைய டிரங்குப் பெட்டியிலிருந்து அதை மீட்டார். பார்த்தால் முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி இருக்கிறது, படத்தைக் காணோம். கோடாக் ஆய்வுக்கூடத்தில் கொடுத்துப் பிரதி எடுத்தார்கள். அது அம்மை போட்டதுபோல் புள்ளி புள்ளியாக வந்தது. கெர்ன்ஷைமுக்கு மனசு கேட்கவில்லை. வாட்டர் கலரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, கூரை எது, சுவர் எது என்று தன் கையாலேயே திருத்திவிட்டார். பல வருடங்கள் புத்தகங்களில் உலகம் பார்த்தது அந்தத் திருத்திய பிரதியைத்தான். புகைப்படக் கலையின் பிறப்புச் சான்றிதழிலேயே டச்சிங் நடந்திருக்கிறது. மற்றவர்களைக் குறை சொல்லி என்ன பயன்?

நியெப்ஸுக்கு அடுத்த தலைமுறைக்கு வந்து சேர்ந்த தலைவலி, வானம். கண்ணாடியில் கொலோடியன் பூசி எடுத்த காலம். அந்த ரசாயனத்துக்கு நீல நிறத்தின்மேல் அளவுகடந்த பிரியம்; பச்சையையும் சிவப்பையும் அது ஒரு பொருட்டாகவே மதிக்காது. மரம் தெரிகிற அளவுக்கு வெளிச்சம் காட்டினால் வானம் வெந்து வெள்ளையாகிவிடும். வானத்தைக் காப்பாற்றினால் மரம் கரிக்கட்டை. அதனால் 1850-களின் படங்களில் உலகம் முழுவதும் ஒரே வானிலை, மேகம் மருந்துக்கும் கிடையாது. தகட்டில் இருந்த கறையும் புள்ளியும் அந்த வெள்ளை வானத்தில்தான் எடுப்பாகத் தெரியும் என்பதால், பலர் நெகட்டிவில் வானப் பகுதி முழுக்கக் கறுப்பு மையை அடித்துவிட்டார்கள். நெகட்டிவில் கறுப்பு என்றால் பிரிண்டில் வெள்ளை. கறையைத் துடைக்க வழியில்லை, வானத்தையே துடைத்துவிட்டார்கள்.

பாரிஸில் குஸ்தாவ் லெ கிரே என்று ஒருவர். ஓவியம் படித்தவர், அதனால் வானம் இல்லாமல் தூக்கம் வராது. 1856, 57 வாக்கில் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ், இரண்டையும் தொடுவானத்தில் ஒட்டி ஒரே பிரிண்ட். தொடுவானம் நேர்க்கோடு என்பதால் ஒட்டு தெரியாது. காடு, கோபுரம் என்று போயிருந்தால் இலை இலையாக வெட்டி ஒட்டியிருக்க வேண்டும். லெ கிரே கடலையே சுற்றிச் சுற்றி எடுத்ததில் கலைத் தாகம் எவ்வளவு, சோம்பேறித்தனம் எவ்வளவு என்று அவருடைய ரசிகர்கள் கேட்டதே இல்லை. லண்டனும் பாரிஸும் வாயைப் பிளந்தன. அலையும் தெரிகிறது, மேகமும் தெரிகிறது!

நல்ல மேகம் கிடைப்பது அரிது. கிடைத்த மேகத்தை ஒரே படத்தோடு முடித்துக்கொள்ள யாருக்கு மனசு வரும்? லெ கிரேயின் வெவ்வேறு கடல்கள்மேல் ஒரே மேகம் மிதப்பதைப் பின்னால் வந்தவர்கள் கண்டுபிடித்தார்கள். வாங்கியவர்கள் கண்டுபிடிக்கவில்லை, ஆளுக்கொரு படம் வாங்கியதால் அவரவர் வீட்டில் அவரவர் மேகம். ஆனால் வியாபாரம் நிலைக்கவில்லை. கடன் கழுத்தை நெரிக்க, 1860-ல் மனைவி மக்களை விட்டுவிட்டு நாவலாசிரியர் அலெக்ஸாந்தர் துமாவின் கப்பலில் ஏறிக்கொண்டார். நடுவழியில் சண்டை. துமா அவரை மால்டாவில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். லெ கிரே அலைந்து திரிந்து கடைசியில் எகிப்தில் டிராயிங் வாத்தியாராகி, 1884-ல் கெய்ரோவில் கண்ணை மூடினார். 1999-ல் அவருடைய ‘பெரிய அலை’ படம் லண்டன் ஏலத்தில் 5 லட்சம் பவுண்டுக்கு மேல் போய், அன்றைய தேதிக்கு ஒரு புகைப்படத்துக்குக் கிடைத்த அதிகபட்ச விலை என்று பேப்பரில் வந்தது. கடன் கொடுத்த புண்ணியவான்கள் யாரும் அதைப் படிக்க உயிரோடு இல்லை. 2020-ல் போட்டோஷாப்பில் வானத்தை மாற்றுவதற்கென்றே ஒரு பொத்தான் வைத்தார்கள். அதற்கு லெ கிரே பெயரை வைத்திருக்கலாம். வாரிசுகளுக்கு ராயல்டி கொடுக்க வேண்டியிருக்கும் என்று பயந்தார்களோ என்னவோ.

இதே சமயத்தில் மதுரையிலும் மேகம் தயாராகிக்கொண்டிருந்தது. கேப்டன் லின்னேயஸ் டிரைப் கிழக்கிந்தியக் கம்பெனி ராணுவத்துக்காரர். 1856-ல் சென்னை ராஜதானியின் அரசாங்கப் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டார். மெழுகிட்ட காகித நெகட்டிவ், மாட்டு வண்டிகள், ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று ஒரு பயணம். 1858-ல் வைகையையும் அதன் குறுக்கே போன பாதையையும் அக்கரையில் மதுரையையும் எடுத்தார். படம் பிரமாதம். வானம் மொட்டை. டிரைப் பிரஷ்ஷை எடுத்தார். நெகட்டிவின்மேல் நிறக்குழம்பைத் தொட்டுத் தொட்டு மேகங்களை வரைந்தார். மரத்தில் இலை போதவில்லை என்று தோன்றிய படங்களில் இலையையும் வைத்தார். சர்க்கார் செலவில், சர்க்கார் ஆவணத்துக்காக, சர்க்கார் உத்தியோகஸ்தர் கையால் போட்ட மேகம். வைகைக்காரர்கள் மேகத்தைப் பார்த்து ஏமாறுவதற்கு இவ்வளவு பழைய வரலாறு இருக்கிறது.

ஆனால் அதே ஆசாமி தஞ்சைப் பெரிய கோயிலில் என்ன செய்தார் தெரியுமா? அடித்தளத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டை வரிசையாக எடுத்து, 21 பிரிண்டுகளை ஒட்டி, 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். அங்கே அழகுக்கு வேலை இல்லை. எழுத்து எழுத்தாக யாராவது படிக்க வேண்டும். வானத்தில் எவ்வளவு மேகம் என்று யாரும் சாட்சி கேட்கப்போவதில்லை. ராஜராஜன் எந்த ஊர் நிலத்தைக் கொடுத்தான் என்பதற்குச் சாட்சி வேண்டும். மேகத்தில் கைவரிசை, கல்வெட்டில் பயபக்தி. எது வரைக்கும் போகலாம் என்று பின்னால் 160 வருடம் அடித்துக்கொண்டவர்களில் பாதிப் பேருக்கு இந்த விவரம் இல்லை. புது கவர்னர் டிரெவெல்யன் 1859-ல் வந்ததும், இதெல்லாம் ஆடம்பரம் என்று டிரைப்பின் துறைக்கே மூடுவிழா நடத்திவிட்டார். மேகத்துக்கு ஆடிட் அப்ஜக்‌ஷன் வந்ததா என்று பதிவில்லை.

கலிபோர்னியாவில் மைபிரிட்ஜ் வேறு மாதிரி ஆள். ஓடும் குதிரையைப் படமெடுத்துப் புகழ்பெற்றவர் என்று தெரிந்திருக்கும். அதற்கு முன் யோசெமிட்டி பள்ளத்தாக்கின் படங்களில்தான் அவர் பிழைப்பு. அவருக்கும் மேகக் கிடங்கு ஒன்று இருந்தது. வெட்டவெளி வெயிலில் எடுத்து, ‘நிலவொளி’ என்று தலைப்புக் கொடுத்து விற்கவும் தெரியும். பாறைக்கு முன்னால் மரம் மறைத்தால்? டார்க் ரூம் வரைக்கும் அந்தப் பிரச்சினையைக் கொண்டுபோக மாட்டார். கேமராவுக்கு இடைஞ்சலாக நின்ற மரங்களை ஏராளமாக வெட்டித் தள்ளினார் என்று சான் பிரான்சிஸ்கோ பத்திரிகை ஒன்று பெருமையாகவே எழுதியது. திருத்தத்தைப் படத்தில் செய்யாமல் நேரே பூமியில் செய்துவிட்டால் படம் சுத்த சத்தியம். பெயரையும் அப்படித்தான்: எட்வர்ட் மகரிட்ஜ், மய்கிரிட்ஜ், மைபிரிட்ஜ், முன்பெயருக்குப் பழைய இங்கிலாந்து மன்னர்கள் பாணியில் இயட்வியர்ட் என்று திருத்திக்கொண்டே போனார். 1874-ல் மனைவியின் காதலனைத் தேடிப்போய்ச் சுட்டுக் கொன்றார். அடுத்த வருடம் ஜூரி, நியாயமான கொலை என்று விட்டுவிட்டது. வேண்டாததை நீக்குவதில் இவ்வளவு தூரம் போன கலைஞர் வேறு யாரும் இல்லை. கல்லறையில் மட்டும் அவர் கை வைக்க முடியவில்லை: அங்கே ‘மேபிரிட்ஜ்’ என்று தப்பாகப் பொறித்துவிட்டார்கள்.

படமெடுக்குமுன் நிலத்தைத் திருத்துவதில் ரோஜர் ஃபென்டனுக்கும் ஒரு பங்கு உண்டு. 1855 கிரிமியப் போரில் ஒரே பள்ளத்தாக்கை இரண்டு தடவை எடுத்தார். ஒன்றில் பீரங்கிக் குண்டுகள் சாலையெங்கும், இன்னொன்றில் சாலை காலி. எது முதலில்? 2007-ல் எரோல் மோரிஸ் என்ற சினிமாக்காரர் இதற்காக கிரிமியாவுக்கே போய்வந்து, கடைசியில் சரிவில் கிடந்த சின்னக் கற்கள் கீழே உருண்டிருப்பதை வைத்து, காலிச் சாலைதான் முதல் என்ற முடிவுக்கு வந்தார். அதாவது குண்டுகள் பிறகு சாலைக்கு வந்தன. நடந்து வந்திருக்காது.

இப்போது குடுமிப்பிடி. இங்கிலாந்தில் ஹென்றி பீச் ராபின்சன், ஒன்பது நெகட்டிவை ஒட்டி ஒரே படம் செய்கிற ஆள். கிராமத்துப் பெண்கள் நடக்கும் வயல் வேண்டும். அசல் கிராமத்துப் பெண்ணை நிற்க வைத்தால் அவளுக்கு நிற்கத் தெரியவில்லையாம். ராபின்சன் என்ன செய்வார், வழியில் பார்க்கும் கிராமத்துப் பெண்ணிடம் அவள் உடையை விலைக்குக் கேட்டு வாங்கிவந்து, தனக்குத் தெரிந்த நாகரிகக் குடும்பத்துப் பெண்களுக்கு மாட்டிவிட்டு, வயலில் நிறுத்துவார். கிராமத்துக்காரி வேஷத்துக்கு கிராமத்துக்காரி சரிப்படவில்லை. பாரதிராஜா வருவதற்கு நூறு வருடம் முன்னால் நடந்த கதை. இதையெல்லாம் செய்ததோடு நிற்காமல் 1869-ல் இதற்குப் பாடப்புத்தகமும் எழுதினார். பதிப்பு மேல் பதிப்பு போயிற்று.

எதிர்த்துக் கிளம்பினார் பீட்டர் ஹென்றி எமர்சன். படிப்புக்கு டாக்டர், சுபாவத்துக்கு வக்கீல். நார்ஃபோக் சதுப்பு நிலங்களில் படகில் சுற்றி, நாணல் அறுப்பவர்களை அவர்கள் உடையிலேயே எடுத்தவர். 1889-ல் ஒரு புத்தகம் போட்டார்: இயற்கையை இயற்கையாக எடு, ஒட்டாதே, வெட்டாதே, நெகட்டிவில் பென்சில் வைக்காதே. ராபின்சன் கோஷ்டிக்கு வயிறு எரிந்தது. பத்திரிகைகளில் இரண்டு பேரும் மாறி மாறிக் கரித்துக்கொட்டினார்கள். கண்ணுக்கு நடுவில்தான் தெளிவு, ஓரமெல்லாம் மங்கல், ஆகவே படமும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்றார் எமர்சன். படம் மங்கினால் அதற்குக் கண் டாக்டரைப் பார் என்கிற ரீதியில் எதிர்க்கட்சி. இத்தனை ஆசாரம் பேசிய எமர்சன் தன் புத்தகத்தில் ஒரே ஒரு விலக்கு வைத்திருந்தார். மேகத்தை மட்டும் வேறு நெகட்டிவிலிருந்து எடுத்து அச்சிட்டுக்கொள்ளலாம், ஒழுங்காகச் செய்தால் அதுதான் உண்மைக்கு நெருக்கம்! எந்த விரதத்திலும் காபி சேர்த்தி என்பதுபோல, எந்தக் கொள்கையிலும் மேகம் சேர்த்தி.

அடுத்த வருடமே கிளைமாக்ஸ். ஒரு பெரிய ஓவியர் எமர்சனிடம் ஏதோ சொல்லிவிட்டார். ஹர்ட்டர், டிரிஃபீல்ட் என்ற இரண்டு பேர், ஒரு நெகட்டிவின் நிறச்சாயல்களை ரசாயனம்தான் தீர்மானிக்கிறது, கலைஞனின் இஷ்டத்துக்கு வளைக்க முடியாது என்று கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்கள். எமர்சன் இடிந்துபோனார். புகைப்படம் கலையே இல்லை என்று அறிவித்து, கறுப்புக் கரை கட்டிய ஒரு சிறு பிரசுரம் வெளியிட்டார். தன் கொள்கைக்குத் தானே கருமாதிப் பத்திரிகை அடித்து ஊருக்கெல்லாம் அனுப்பிய ஒரே புகைப்படக்காரர் அவர்தான். ராபின்சன் அதைக் கண்ணாடி போட்டு மாட்டினாரா என்று தெரியவில்லை. நானாக இருந்தால் மாட்டியிருப்பேன். இதிலே வேடிக்கை, பிரகடனத்துக்குப் பிறகும் எமர்சன் படம் எடுப்பதை உடனே நிறுத்திவிடவில்லை.

இதுவரை சொன்ன யார்மேலும் எனக்குக் கோபம் இல்லை. மேகத்தை மாற்றினால் யாருக்கும் நஷ்டமில்லை. ஃபிராங்க் ஹர்லி விஷயம் அப்படியில்லை. ஷாக்கிள்டனோடு அண்டார்டிகா போன ஆஸ்திரேலியர். கப்பல் பனியில் நசுங்கியபோது ஐஸ் தண்ணீரில் இறங்கிக் கண்ணாடித் தகடுகளை மீட்டவர். துணிச்சலில் குறை சொல்ல முடியாது. ஒதுங்கியிருந்த எலிஃபன்ட் தீவிலிருந்து உதவி தேடி 1916 ஏப்ரலில் ஷாக்கிள்டனின் படகு கிளம்பியது. கரையில் நின்றவர்கள் கையசைத்தார்கள். ஆகஸ்டில் மீட்புக் கப்பல் வந்தது. கிளம்பிய படத்தைத்தான் சுரண்டித் திருத்தி, மீட்க வந்த படம் என்று ஊருக்குக் காட்டினார்கள். போய்ட்டு வா என்று அசைத்த கை, வா வா என்று அசைத்ததாக ஆகிவிட்டது. அடுத்த வருடம் முதல் உலகப் போரின் மேற்கு முனைப் போர்க்களத்தில் பன்னிரண்டு நெகட்டிவை ஒட்டி ஒரு பிரம்மாண்டப் போர்க்காட்சி செய்தார். அதிகாரபூர்வ வரலாற்றாசிரியர் சார்லஸ் பீன், இது போலி என்று குதித்தார்; ஹர்லி ராஜினாமா செய்வேன் என்று குதித்தார். சில ஒட்டுப்படங்களை ஒட்டுப்படம் என்று சொல்லிவிட்டுக் காட்டலாம் என்று பஞ்சாயத்து முடிந்தது. டிரைப் தஞ்சாவூரில் தானாகத் தெரிந்துகொண்டதை ஹர்லிக்கு ராணுவம் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது.

ஆன்செல் ஆடம்ஸுக்கு வருவோம். கம்ப்யூட்டரில் எதுவும் செய்யக்கூடாது என்பவர்கள் கும்பிடும் சாமி இவர்தான். 1932-ல் ‘குரூப் எஃப்/64’ என்று ஒரு சங்கம் கட்டி, பூசி மெழுகாத தூய படம் என்று முழங்கியவர்களில் ஒருவர். லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் வில்லியம் மார்டென்சன் என்பவர் நெகட்டிவைச் சுரண்டியும் தீட்டியும் சூனியக்காரிகளையும் பூதங்களையும் செய்துகொண்டிருந்தார். ஆடம்ஸ் அவரை அந்திக்கிறிஸ்து என்றே திட்டினார். சரி, தூயவர் என்ன செய்தார்?

1941-ல் நியூ மெக்ஸிகோவில் ஹெர்னாண்டஸ் என்ற குக்கிராமம். சாயங்காலம் காரில் போகும்போது சிலுவைகள்மேல் கடைசி வெயில், மேலே நிலா. காரை ஓரங்கட்டிக் குதித்தார். லைட் மீட்டரைக் காணோம். நிலாவின் பிரகாசம் சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது மனப்பாடம். அதை வைத்துக் கணக்குப் போட்டு ஒரு படம் எடுத்தார். இரண்டாவதற்குள் வெயில் போய்விட்டது. நெகட்டிவில் முன்பகுதி சோகையாக இருந்தது; 1948-ல் அதற்கு ரசாயன டானிக் கொடுத்தார். ஆரம்பத்துப் பிரிண்டுகளில் வானத்தில் மேகத் துணுக்குகள் தெரியும், சாம்பல் நிறம். வருடம் ஏற ஏற வானத்தைக் கறுக்கக் கறுக்க அச்சிட்டார், கடைசியில் நடுநிசி. ஒரே நிலா, ஒரே நிமிடம், நாற்பது வருடமாக இருட்டிக்கொண்டே போனது. எடுத்த தேதி கேட்டால் ஒவ்வொரு தடவை ஒவ்வொரு வருடம் சொல்வார். நிலா நின்ற இடத்தை வைத்து ஒரு வானியல்காரர் 1941 அக்டோபர் 31 என்றார். இன்னொருவர் வந்து அதைத் திருத்தி நவம்பர் 1, மாலை 4.49 என்றார்.

1944-ல் சியெரா நெவாடா மலைச் சூரியோதயம். மலையடிவாரக் குன்றில் லோன் பைன் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் ஊரின் முதலெழுத்துகள் இரண்டைச் சுண்ணாம்பில் பெரிதாக எழுதி வைத்திருந்தார்கள். நம்மூர் மலையில் கட்சிச் சின்னம் வரைவார்களே, அது மாதிரிதான். ஆடம்ஸ் அந்த எழுத்துகளைக் கூசாமல் அழித்துவிட்டார். கேட்டவர்களுக்கு, அந்தத் தழும்பை நிரந்தரமாக்கும் அளவுக்கு நான் வைதீகன் இல்லை என்கிற மாதிரி பதில் சொன்னார். நான் அவர் கட்சிதான். மலை பொய் சொல்லவில்லை, பிள்ளைகளின் கையெழுத்துதான் போயிற்று. ஆனால் மார்டென்சன் இதைச் செய்தால் நரகம், ஆடம்ஸ் செய்தால் மியூசியம் என்பது எந்த ஊர் நியாயம்? எல்லோரும் லட்சுமண ரேகையைத் தாங்கள் நிற்கும் இடத்துக்கு ஓரடி தள்ளித்தான் போட்டிருக்கிறார்கள். இத்தனை மலையைத் திருத்திய மனுஷன் தன் மூக்கைத் திருத்தவில்லை. நான்கு வயதில், 1906 பூகம்பத்தின் பின்னதிர்வில் கீழே விழுந்து கோணிய மூக்கு. கடைசி வரை கோணலாகவே இருந்தது.

பிரமிடுகளைப் பற்றிச் சீக்கிரம் சொல்லிவிடலாம். 1982 பிப்ரவரி ‘நேஷனல் ஜியாக்ரஃபிக்’ அட்டை. படம் அகலவாட்டில், அட்டை உயரவாட்டில். பிரமிடு இடிக்கிறது. புதிதாக வாங்கிய சைடெக்ஸ் கம்ப்யூட்டரில் பிரமிடை நகர்த்தி இன்னொன்றோடு நெருக்கிவிட்டார்கள். ஏறக்குறைய 23 லட்சம் கற்கள் வைத்துக் கட்டியது ஒரு பிரமிடு என்கிறார்கள்; ஆசிரியர் குழு கல்லுக்கு ஒரு ஆளைக்கூடக் கூப்பிடவில்லை. வெளியே தெரிந்ததும், பிரமிடை நகர்த்தவில்லை, புகைப்படக்காரரைத்தான் காலம் கடந்து சில அடி தள்ளி நிற்க வைத்தோம் என்ற தொனியில் ஆசிரியர் சமாதானம் சொன்னார். அட்வகேட் யாராவது எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். கிழக்கே போகும் ரயிலைப் பிடிக்காதவன்கூட, ஸ்டேஷனைத்தான் தள்ளிவைத்தார்கள் என்று சொல்லத் துணியமாட்டான்.

போட்டோஷாப் 1990-ல் கடைக்கு வந்தது. எழுதிய நோல் சகோதரர்களில் ஒருவர், போரா போரா தீவுக் கடற்கரையில் தன் காதலி உட்கார்ந்திருந்த படத்தைத்தான் வாடிக்கையாளர்களுக்குச் செய்துகாட்ட வைத்திருந்தார். எதிரே இருந்த தீவை ஒரு பிரதி எடுத்து இரண்டாக்கிக் காட்டுவார். பூமியில் ஒரு தீவு கூடியது. ஜெர்மானியர் ஆண்ட்ரியாஸ் குர்ஸ்கி 1999-ல் ரைன் நதியை எடுத்து, நாய் நடத்துகிறவர்களையும் தொழிற்கூடக் கட்டடத்தையும் நீக்கி, புல், தண்ணீர், வானம் என்று கோடு கோடாக விட்டார். 2011-ல் அது நியூயார்க் ஏலத்தில் 43 லட்சம் டாலருக்குப் போயிற்று. நீக்கிய கட்டடத்தின் விலையைவிடக் கூடவா என்று யாராவது விசாரித்தால் நல்லது.

மிச்சம் இருப்பது ஒரே ஒரு படம். 1996 ஜனவரியில் கலிபோர்னியாவின் சோனோமாவில், காதலியைப் பார்க்கக் காரில் போய்க்கொண்டிருந்த சார்லஸ் ஓரியர் ஒரு பச்சைக் குன்றைப் பார்த்து இறங்கி எடுத்தார். வழக்கமாக அங்கே திராட்சைக் கொடி. வேரில் பூச்சி விழுந்து கொடிகளைப் பிடுங்கிவிட்டதால் வெறும் புல். மழை முடிந்த நேரம், மேகம் சொந்த மேகம், ஃபிலிம் ஃபூஜி வெல்வியா. மைக்ரோசாஃப்ட் அதை வாங்கி விண்டோஸ் எக்ஸ்பியின் முகப்பில் வைத்தது. தாலுகா ஆபீஸ் முதல் பிரவுசிங் சென்டர் வரை பார்க்காத கண் இல்லை. மனுஷன் ‘நேஷனல் ஜியாக்ரஃபிக்’ பத்திரிகைக்குப் பல வருடம் படம் எடுத்தவர், ஆனாலும் இந்தக் குன்றில் ஒரு புல்லைக்கூடத் தொடவில்லை என்கிறார். ஒரு நாள் மைக்ரோசாஃப்ட் எஞ்சினியர்களிடமிருந்தே அவருக்குக் கடிதம் வந்தது: எங்களுக்குள் ஒரு பந்தயம், இதை போட்டோஷாப்பில் செய்தீர்கள் என்றுதான் இங்கே பெரும்பாலோர் சொல்கிறோம், உண்மையைச் சொல்லுங்கள். இல்லை, இருந்தது அப்படித்தான் என்று அவர் பதில் போட்டார். பந்தயத்தில் தோற்றவர்கள் பணத்தைக் கொடுத்தார்களா என்பதை அவர் சொல்லவில்லை.